ஐந்தாவது பெட்டி

புகார் மனுவைக் கம்பி நல்ல தாளில் திருத்தி எழுதிக்கொண்டிருந்தான். மூலப் பிரதி டாக்டரின் கையெழுத்தில் இருந்தது. இருபது வருடமாக மருந்துக் கடைக்காரர்கள் ஊகத்தின் பேரில் படித்துவரும் கையெழுத்து அது. காவல் நிலையத்தில் அவ்வளவு பொறுமை இருக்காது என்று டாக்டருக்கே தோன்றியிருக்க வேண்டும். "மாப்ளே, உன் எழுத்து முத்து முத்தா இருக்கும். நீயே எழுதிடு. அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணும்" என்று தாளை நீட்டிவிட்டுப் போயிருந்தார். டைப் அடித்திருக்கலாம். ஆனால் டாக்டரின் ரத்தப் பரிசோதனை லேபின் பதினேழு கம்ப்யூட்டர்களும் ஐந்து நாட்களாக ஒரே கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தன. உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன, பதற்றம் வேண்டாம், நாங்கள் இருக்கிறோம் என்று அதில் சிவப்பு எழுத்தில் மிக மரியாதையாக ஒரு மிரட்டல். டாக்டர் எழுதிய புகாரைவிட அது தெளிவாக இருந்தது.

மூன்று பத்திகள் முடிந்துவிட்டன. நான்காவது பத்தி, 'மேற்படி சம்பவத்துக்குக் காரணமானவர் என்று நாங்கள் சந்தேகிக்கும் நபர்' என்று தொடங்கியது. அதற்கடுத்து ரிசப்ஷன் அக்காவின் பெயர், வயது, வீட்டு விலாசம். மற்றதெல்லாம் கோழி கிளறியதுபோல் இருக்க, அந்த ஒரு வரியை மட்டும் டாக்டர் நிறுத்தி நிதானமாக, ஒரு குழந்தைகூடப் படிக்கும்படி எழுதியிருந்தார். கம்பி பேனாவை மூடினான். பிறகு திறந்தான். மை கசிகிறதா என்று பார்ப்பவனைப்போல் முள்ளைப் பார்த்தான்.

கம்பி என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயரல்ல. எட்டு வருடத்துக்கு முன் அந்தக் கட்டிடத்துக்கு வயர் இழுக்க வந்தபோது, எந்த அறையில் தேடினாலும் மேசைக்கு அடியிலிருந்து அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்ததால் ஒட்டிக்கொண்டது. பிறகு வயரெல்லாம் போய் வைஃபை வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. கம்பியில்லா இணைப்புக்குப் பொறுப்பாளர் கம்பி என்பது லேபில் எல்லோரும் ஆளுக்கொரு முறையாவது சொல்லிச் சிரித்து முடித்த நகைச்சுவை. டாக்டர் அவனுடைய மனைவியின் அண்ணன். லேபில் 'டாக்டர்', வீட்டில் 'மச்சான்'. வேலை மச்சான் கொடுத்தது. குடியிருக்கும் வீடு மச்சானுடையது. மனைவி, கணக்குப்படி பார்த்தால், அவளும் மச்சான் கொடுத்ததுதான். இதையெல்லாம் யாரும் அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாமலேயே ஒரு விஷயம் எவ்வளவு சத்தமாகக் கேட்க முடியும் என்பதை அவன் எட்டு வருடமாக அறிவான்.

அவன் வேலை தெரியாதவனும் அல்ல. பரிசோதனைக்கு வருகிறவர்களின் போன்களுக்கென்று தனி வைஃபை போட்டு, அதிலிருந்து லேபின் கம்ப்யூட்டர்களை எட்டிக்கூடப் பார்க்க முடியாதபடி பிரித்துவைத்தவன் அவன். எவனும் எளிதில் திறந்துவிடக்கூடிய பழைய ரகப் பூட்டுள்ள வைஃபை பெட்டிகளையெல்லாம் கழற்றி, புதிய ரகப் பூட்டுள்ள நான்கு பெட்டிகளை மாட்டினான். பாஸ்வேர்டுக்குப் பதினான்கு எழுத்துக்குக் குறையக்கூடாது என்று சட்டம் போட்டான். கீபோர்டுக்கு அடியில் சீட்டு ஒட்டியவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தான். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தான். முதல் படத்தில் ஒரு பெரிய பூட்டு வரும். இரண்டாவது படம் வருவதற்குள் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். ரிசப்ஷன் அக்கா மட்டும் கடைசிவரை விழித்திருந்து குறிப்பெடுப்பாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டிடம் முழுக்க நடந்து, வைஃபை பெட்டிகளை எண்ணி, ரிஜிஸ்டரில் 'மொத்தம் நான்கு, பழைய ரகம் எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். முத்து முத்தான கையெழுத்து.

இடித்தது லேபிள் பிரிண்டர். ரத்தம் எடுக்கும் குழாயில் ஒட்டுவதற்குப் பெயர்ச்சீட்டு அடிக்கும் சின்ன இயந்திரம். அதற்குப் பழைய ரகப் பூட்டைத்தான் தெரியும். புதியதைக் காட்டினால் அடையாளமே தெரியாதவனைப்போல் விழித்தது. புதிய பெட்டிகளை மாட்டிய மறுநாள் காலை ஏழு மணிக்கு ரிசப்ஷன் அக்கா போன் செய்தாள். "தம்பி, லேபிள் வரல. இங்க நாப்பது பேர் வெறும் வயித்துல நிக்கறாங்க. இன்னும் பத்து நிமிஷத்துல என்னையே கடிச்சுத் தின்னுடுவாங்க." புது பிரிண்டர் வேண்டும் என்று அவன் டாக்டரிடம் கேட்டான். "அதுதான் நல்லா ஓடுதே மாப்ளே, உன் வைஃபைதானே ஓடல" என்றார் டாக்டர். நியாயம்தான். அன்று மதியம், கழற்றிப்போட்ட பழைய பெட்டிகளில் ஒன்றை எடுத்து, ரிசப்ஷனுக்குப் பின்னாலுள்ள நடைபாதையில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் வைத்து, லேபின் நெட்வொர்க்கோடு இணைத்தான். போன்களின் வைஃபை பட்டியலில் அதன் பெயர் தெரியாதபடி மறைத்தான். பெயர் தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவன் வகுப்பில் நான்காவது படத்தில் தவறு என்று சொல்லிக்கொடுத்த விஷயம். அக்காவின் போனில் மட்டும் அந்தப் பெயரைத் தட்டிக்கொடுத்து, "அக்கா, இது கனெக்ட் ஆனா பிரிண்டர் உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஆகலன்னா மட்டும் எனக்கு போன் பண்ணுங்க. ரெண்டு நாளைக்குத்தான்" என்றான். இரண்டு நாள் ஆகி இரண்டு வருடம் ஆயிற்று. ரிஜிஸ்டரில் எட்டு முறை 'நான்கு' என்று எழுதியாயிற்று.

எல்லாம் பூட்டிக்கொண்ட முதல் நாளே அவன் போய்ப் பார்த்த இடம் யார் எப்போது இணைந்தார்கள் என்று அந்தப் பெட்டி குறித்துவைக்கும் பதிவுதான். பெயரில்லாத ஒரு கருவி, பிற்பகல் மூன்று மணிக்கு, நாற்பது நிமிடம். கட்டிடத்துக்கு வெளியே, காரிலோ எதிர்க் கடையிலோ உட்கார்ந்து, எவனோ அந்தப் பழைய பூட்டை டீ ஆறுவதற்குள் திறந்திருக்கிறான். அங்கிருந்து மிக அருகிலிருந்த ரிசப்ஷன் கம்ப்யூட்டர், அதிலிருந்து அக்காவின் கணக்கு, அதிலிருந்து எல்லாம். பேக்கப் எடுத்த டிஸ்க்கும் அதே நெட்வொர்க்கில் செருகியபடியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. அவன் பெட்டியைக் கழற்றவில்லை. கழற்றாதவரை அவன் மறந்துபோனவன்; கழற்றினால் மறைத்தவன் ஆகிவிடுவான். இப்படி யோசித்தே நான்கு நாள் போனது.

காலையில் டாக்டரின் அறையில் பேச்சு நடந்தது. எவன் எப்படி உள்ளே வந்தான் என்று கண்டுபிடிக்க வெளியிலிருந்து வரவழைத்த ஆய்வுக்காரப் பெண் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. முதுகுப்பையைக் கழற்றாமலேயே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரிசப்ஷன்ல இருக்கறவங்க ஐடிலதான் உள்ள வந்திருக்காங்க. அதுவரைக்கும் உறுதி சார். ஆனா அந்த கம்ப்யூட்டர் வரைக்கும் எந்த வழியா வந்தாங்கன்னு இன்னும் தெரியல."

டாக்டர் முதல் பாதியோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார். "கதவு அவளோடது, சாவி அவளோடது. அப்புறம் என்ன மேடம் வழி, பைபாஸ் ரோடா?"

"சாவி திருட்டுப் போனா, சாவிக்காரி திருடியா சார்?"

"என்னத்தையாவது கிளிக் பண்ணித் தொலைச்சிருப்பா. பதினொரு வருஷமா பாக்கறேன், எவன் என்ன கேட்டாலும் பாவம்னு செஞ்சு குடுக்கற ஆளு. நான் ஒரு பேர் சொல்லியாகணும். வாசல்ல வந்து நின்னு கத்தறானுங்கள்ல, அவனுங்களுக்கு நான் என்ன பேர் சொல்றது, வைரஸ்னா?"

"நான் பில்டிங் பூரா ஒரு சுத்து நடந்துட்டு சொல்றேனே."

"நடக்கவெல்லாம் வேணாம் மேடம்" என்று கம்பி சொன்னான். குரல் சாதாரணமாகத்தான் வந்தது; அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. "ரிஜிஸ்டர் இருக்கு. மொத்தம் நாலு பெட்டி. நானே மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்து எழுதறேன்."

"ரிஜிஸ்டர் பாட்டுக்கு இருக்கட்டும் சார். நடந்தா காலு தேஞ்சா போயிடும்? ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கலாம்."

ஒரு மணிக்கு மனைவி போன் செய்தாள். பின்னால் மகள் எதற்கோ அலறிக்கொண்டிருந்தாள். "என்னங்க, அண்ணன் கிட்ட பேசினேன். மாப்ள மட்டும் பக்கத்துல இல்லன்னா இந்நேரம் நான் படுத்திருப்பேன்னு சொல்லிச்சு. கூடவே இருங்க. அந்த ரிசப்ஷன்காரியாமே? மூஞ்சியப் பாத்தா சொல்லமுடியுதா பாருங்க." அவன் "ம்" என்றான். எட்டு வருடத்தில் மச்சான் அவனைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதை அவன் இரண்டு முறை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டான் என்பதும் உண்மை. பிறகு ஏணியை எடுத்தான்.

ரிசப்ஷனில் அப்போதும் கூட்டம். லேபில் ரத்தம், சிறுநீர் எல்லாம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் திட்டிக்கொண்டே இன்னொரு முறை கையை நீட்டிவிட்டுப் போனார்கள். சதைத்துணுக்குகள்தான் சிக்கல். உடம்பிலிருந்து அறுத்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, நம்பர் போட்டு வைத்திருந்த இருபத்துமூன்று பேருடைய துணுக்குகள். நம்பர் தகட்டில் இருந்தது. எந்த நம்பர் யாருடையது என்பது கம்ப்யூட்டரில் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்புதான் டாக்டர் காகித நோட்டுகளை ஒழித்து, அதற்கு ஒரு சின்ன விழாவும் எடுத்திருந்தார். இருபத்துமூன்றில் மூன்று புற்றுநோய் என்று நுண்ணோக்கியில் பார்த்தாயிற்று. எந்த மூவர் என்று தெரியவில்லை. அந்த இருபத்துமூன்று குடும்பங்களுக்கும் முகத்தைப் பார்த்து "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்வதுதான் ஐந்து நாட்களாக ரிசப்ஷன் அக்காவின் வேலை. ஒருவர் மட்டும் பொறுக்க வீட்டுக்குப் போகாமல் அங்கேயே மூலை நாற்காலியில் உட்கார்ந்து பொறுத்துக்கொண்டிருந்தார். மனைவியின் மார்பிலிருந்து எடுத்த துணுக்கு. தினமும் காலை எட்டு மணிக்கு வருவார், சாயங்காலம் மூடும்போது போவார். கத்தமாட்டார். கத்துகிறவர்களைவிட அவரைத்தான் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கம்பி நடைபாதையில் ஏணியை விரித்தபோது அக்கா சோற்று டப்பாவைப் பாதியில் மூடிவைத்துவிட்டு எழுந்துவந்தாள்.

"இருங்க தம்பி, நான் புடிச்சிக்கறேன். அந்த ஏணிக்கு ஒரு கால் குட்டை. நீங்க விழுந்து வச்சீங்கன்னா அதுக்கும் சேத்து என்னத்தான் சொல்லுவாங்க."

"வேணாம்க்கா, நீங்க சாப்பிடுங்க."

"எங்க இறங்குது. ஏறுங்க."

அவன் ஏறினான். சீலிங் தகட்டை நகர்த்தினான். மேலே இருட்டில் பெட்டி தன் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கட்டிடம் முழுக்க எல்லாம் செத்துக்கிடக்க, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். வயரைப் பிடுங்கினான். ஏணி ஒருமுறை ஆடியது. கீழே அக்கா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள்.

"இது அந்தப் பிரிண்டர் பொட்டிதானே?" என்றாள், அவன் இறங்கியதும். "கழட்டிட்டா லேபிள் வருமா?"

"பழசாயிடுச்சுக்கா. வேற போடணும்."

"பாவம், ரெண்டு வருஷமா உழைச்சிருக்கு." அவள் அதை அவன் கையிலிருந்து வாங்கி, முந்தானை நுனியால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். பெட்டியின் இடுக்குகளைக்கூட விடவில்லை. பிறகு தன் மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து, அதில் போட்டு, பிடி வைத்து முடிச்சுப்போட்டு அவனிடம் கொடுத்தாள். "தம்பி, டாக்டர் என்மேல கோவமாத்தான் இருக்காரு, இல்ல?"

"அதெல்லாம் இல்லக்கா."

"இல்ல, மூஞ்சி குடுத்தே பேசமாட்டேங்கறாரு. நான் யோசிச்சு யோசிச்சு பாக்கறேன், எதையாவது தொட்டுட்டனான்னு. ஒண்ணும் ஞாபகம் வரல. ஆனா என் பேருலதான வந்திருக்கு. அப்போ நான் ஏதோ பண்ணியிருக்கணும்ல?"

அவள் அதைக் கேள்வியாகத்தான் கேட்டாள். அந்தக் கட்டிடத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆளிடம்தான் கேட்டாள். அவன் ஏணியை மடக்கினான். மடக்கும்போது அது போட்ட கிறீச் சத்தத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டவள்போல் தலையாட்டிவிட்டு, அவள் மறுபடி சோற்று டப்பாவிடம் போனாள்.

இரண்டு மணிக்கு ஆய்வுக்காரப் பெண் மடிக்கணினியைத் திறந்து கையில் ஏந்தியபடி, பூசைத் தட்டு தூக்கிப்போகிறவளைப்போல் மெதுவாக அறை அறையாக நடந்தாள். கம்பி பின்னால் நடந்தான். ரத்தம் எடுக்கும் அறை, எக்ஸ்ரே அறை, மாடிப்படி, பொருட்கிடங்கு, கழிப்பறை வாசல்கூட. நடைபாதையில், சரியாக அந்தத் தகட்டுக்குக் கீழே அவள் நின்றபோது, தரையில் கொஞ்சம் தூசி விழுந்திருப்பதைப் பார்த்து அதன்மேல் போய் நின்றுகொண்டான். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"நாலு" என்றாள். "உங்க ரிஜிஸ்டர் கரெக்டா இருக்கு சார். நான் போன இடத்துல எல்லாம் ஒண்ணாவது கூட வரும். எவனாவது வீட்டுலேருந்து ஒண்ணத் தூக்கிட்டு வந்து மேசைக்கு அடியில செருகியிருப்பான். இவ்வளவு சுத்தமா பாத்ததே இல்ல."

அவனுக்குக் காது சுட்டது. அவள் பரிகாசம் செய்கிறாளா என்று பார்த்தான். இல்லை, உண்மையாகவே பாராட்டினாள். விஷயம் தெரிந்த ஒருத்தி அவன் வேலையைப் பாராட்டியதும் அன்றுதான் முதல்முறை. எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

மூன்றரைக்கு டாக்டர் ரிசப்ஷன் அக்காவைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், கூப்பிட்டு அனுப்புகிறேன் என்றார். காவல் நிலையத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். மூலையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். பிறகு அவள் சோற்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, மாடியில் கம்பியின் அறை வாசலில் வந்து தலையை மட்டும் நீட்டினாள். "வரேன் தம்பி. அந்த மூலைல இருக்கறவருக்கு மட்டும் அப்பப்போ தண்ணி வேணுமான்னு கேக்கச் சொல்லுங்க. அவரா கேக்கமாட்டாரு." எதிரே பாதி எழுதிய புகார் மனு கிடந்தது. கம்பி அதன்மேல் முழங்கையை வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்றான்.

அவள் இறங்கிப்போன சத்தம் ஓய்ந்ததும், அறையின் மறுபக்கம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த ஆய்வுக்காரப் பெண் சொன்னாள்: "ஒண்ணு மட்டும் பாக்கி சார். இதுவரைக்கும் பொட்டிங்க என்ன கத்துதுன்னுதான் கேட்டோம். போனுங்க என்ன கேக்குதுன்னு கேக்கல."

"போனா?"

"சாதாரண வைஃபைன்னா போன் சும்மா காத்துக்கிட்டிருக்கும், பொட்டிதான் நான் இங்க இருக்கேன்னு சொல்லும். பேர மறைச்சு வச்ச வைஃபைன்னா பொட்டி வாயத் திறக்காது. அதனால அந்தப் போன்தான் போற இடமெல்லாம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். பஸ்ல, கடைல, எங்க போனாலும். பதில் வர்ற வரைக்கும் விடாது." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "மறைக்கறேன்னு மறைச்சு ஊர் பூரா தம்பட்டம் அடிக்கறது. இதோ பாருங்க, ஒண்ணு மாட்டிச்சு."

கம்பி எழுந்துபோய்ப் பார்த்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. சில நொடிகள் கழித்து அதே வரி மறுபடி. பிறகு மறுபடி. ஆங்கில எழுத்தில், 'டமாரம்'.

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், உள்ளே அவள் அழுத அழுகையைக் கேட்டு, "என்ன மாப்ளே, பிள்ளையா பெத்திருக்கீங்க, டமாரம்!" என்று மச்சான்தான் சிரித்தார். அந்தப் பெயரைச் சொல்லி உலகத்தில் நான்கு பேர்தான் அவளைக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதிய நேரத்தில், ஏணிமேல் நின்றபடி, இரண்டே நாளைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கையில் வந்ததைத் தட்டினான்.

"உங்க ரிஜிஸ்டர்ல இல்லாத பேரு" என்றாள் அவள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. ஒவ்வொரு வரி வரும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டிருந்தது. "போன் தூரமா போயிட்டிருக்கு. யாரு போன் சார் இது? தெரியுமா?"

ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப்பக்கம் பஸ் நிற்குமிடத்தை நோக்கி அக்கா போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையால் வெயிலுக்கு நெற்றியில் மறைப்பு. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் மனுவை வாங்க மேலே வந்துகொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லலாம். என் போன் என்று சொல்லலாம். என்னுடையது அந்தப் பெட்டி என்று சொல்லலாம். கம்பி வாயைத் திறந்தான்.

"ரிசப்ஷன் அக்காவோடது" என்றான்.

ஐந்து நாளில் அவன் சொன்ன முதல் உண்மை அது.

"அட, அவங்களா? அப்போ அவங்களுக்குத் தெரியாம இருக்காது" என்று அந்தப் பெண் துள்ளி எழுந்து ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து, "மேடம்! ஹலோ மேடம்! ஒரு நிமிஷம் வாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். அக்கா திரும்பினாள். தன்னைத்தானா என்று நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டாள். நீங்கதான் என்றதும் அவள் முகம் மலர்ந்ததை அவ்வளவு தூரத்திலிருந்தும் கம்பியால் பார்க்க முடிந்தது. டாக்டர் கூப்பிட்டு அனுப்பிவிட்டார் என்று நினைத்திருப்பாள். வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, அவசர அவசரமாகத் தெருவைக் கடக்க ஆரம்பித்தாள்.

"என்ன மேடம், என்ன கிடைச்சுது?" என்று டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே அறைக்குள் வந்தார். "எங்க, காட்டுங்க." சட்டைப் பையைத் தடவினார். கண்ணாடியை எடுத்தார். அதன் ஒரு வில்லையைச் சட்டை நுனியில் துடைத்தார், பிறகு இன்னொன்றை. திரையில் ஒரு வரி வந்தது. அதன் பக்கத்திலிருந்த பச்சைக் கோடு மறுபடி நீள ஆரம்பித்திருந்தது. இன்னொரு வரி, இன்னும் கொஞ்சம் நீளம். கீழே வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.